கஸ்தூரி அக்கா வீட்டுக் குழாய்

குழாய் வேலை செய்கிறவனுக்கு, தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்று சொல்ல யாரும் போன் செய்வதில்லை.

எனக்கு வரும் போன்கள் இரண்டே வகை. ஒன்று, ‘தண்ணி வர்ல’. இன்னொன்று, ‘தண்ணி நிக்கல’. கள்ளக்குறிச்சியிலும் சுற்றுப்பக்கத்திலும் வீட்டுக்குள் குழாய் வைத்துக்கொண்டு அவதிப்படும் அன்பர்களே, நீங்களும் இந்த இரண்டில் ஒன்றைத் தலையில் சோப்பு நுரையோடு எனக்கோ என்னைப் போன்ற ஒருவனுக்கோ சொல்லியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. ஒரே ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நடக்கக்கூடிய எல்லாமே அந்த வீட்டில் நடந்து முடிந்துவிட்டது.

தியாகதுருகம் ரோட்டில் புது மனைகள் போட்ட இடத்தில் ஏழுமலை அண்ணன் வீடு கட்டினார். லாரி டிரைவராக இருந்தவர். அதுவரை கருணாபுரத்தில் வாடகை வீடு, தெருக்குழாய். அவர் மனைவி கஸ்தூரி அக்கா குடம் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போய், இனிமேல் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வேலைக்குப் போன முதல் நாளே அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “டைல்ஸு, பெயிண்டு எல்லாம் எப்பிடியோ இருந்துட்டுப் போவட்டும்பா. அவ இனிமே கொடம் தூக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்த வூடே.”

சிங்க்கில் விளைந்தது

கிரகப்பிரவேசம் முடிந்த சில நாளிலேயே முதல் போன். சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை. புது வீட்டில் அடைப்பு என்றால் கொத்தனார் சிமென்ட் கரைசலைக் கொட்டியிருப்பார் என்று அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். அடியிலிருந்த வளைவைக் கழற்றினேன், சுத்தமாக இருந்தது. அடுத்த குழாய்க்குள் விரலை விட்டால் நூல் நூலாக ஏதோ வந்தது. இழுத்துப் பார்த்தேன். பச்சைப்பயறு, கொள்ளு, மொச்சை, எல்லாம் வெள்ளை வெளேரென்று முளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றன! ஹோமத்துக்கு வைத்த நவதானியத் தட்டுகளை அப்படியே சிங்க்கில் போட்டுக் கழுவியிருக்கிறார்கள்.

தட்டில் மிச்சமிருப்பதை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள், சிங்க் வாயில் ஒரு சல்லடை மூடி போடுங்கள், இட்லி மாவுப் பாத்திரத்துக்கும் இதேதான் என்று நான் பாடம் நடத்த ஆரம்பித்தேன். அக்கா காதில் அது ஏறவே இல்லை. என் கையில் தொங்கிய முளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பதறிப்போய்ச் சொன்னார். “புது வூட்டுல தானியம் மொளச்சிருக்குது, எம்மா நல்ல சகுனம்! அத்தப் போயி புடுங்கிட்டியே தம்பி, உனுக்கு இன்னா வந்துச்சி?”

கன்னி மூலைத் தொட்டி

தண்ணீர்த் தொட்டியைச் சமையலறைக்கு நேர் மேலே வைக்கலாம் என்று நான் முதலிலேயே சொன்னேன். ஜோசியர் தென்மேற்கு மூலையைக் காட்டிவிட்டார். கன்னி மூலைதான் கனமாக இருக்க வேண்டுமாம். சமையலறை வீட்டின் அந்தக் கோடியில். சரி, மாடித் தரையோடு குழாயைக் கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு இறக்கிவிடலாம் என்றால், அண்ணன் குறுக்கே வந்து நின்றார். புதுச் சுவரில் உளி படக் கூடாதாம். வேறு வழியில்லாமல் குழாயைச் சுவர்மேல் ஏற்றி, தாண்டவைத்து, அந்தப் பக்கம் இறக்கினேன்.

இப்படிக் குழாய் ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்பதை நீங்களும் பட்டு அறிந்திருப்பீர்கள். தொட்டி நிறைந்திருக்கும்வரை ராஜ மரியாதையாகத் தண்ணீர் வரும். கரண்ட் போய்த் தொட்டி இறங்கிவிட்டால் அந்த ஏற்றத்தில் காற்று புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் தொட்டியை எவ்வளவு நிரப்பினாலும் குழாயில் நூல்தான். தொட்டிக்கு இடம் ஜோசியரிடம் கேளுங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அவரைக் கேட்கிற அன்றைக்கே குழாய்க்காரனையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் நான் ஓடிப்போய்க் காற்றை எடுத்துவிடுவதும், அடுத்த கரண்ட் கட்டில் அது திரும்ப வந்து உட்காருவதுமாக இருந்தது. அதற்குள் அக்கா பழையபடி குடத்தை எடுத்துக்கொண்டு முனையிலிருந்த தெருக்குழாய்க்குப் போக ஆரம்பித்துவிட்டார். அண்ணன் தடுத்தால், தோள் இப்போது சரியாகிவிட்டது என்பார். பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் சமையலறைச் சுவரோரம் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் நான் குழாயடியில் குந்தியிருக்கும்போது தெருவிலிருந்து இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தவர், என் எதிரில் அதை டங்கென்று வைத்தார். “நான் ரோட்டுக் கொழாய்க்கிப் போயி, வரிசையில நின்னு, ரெண்டு பேர்கிட்ட சண்ட போட்டு, புடிச்சிக்கினும் வந்துட்டேன். உன் கொழாயில இன்னும் கால் கொடம் ரொம்பல.”

வீல் நட்டு

குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று அழைத்தார்கள். உள்ளேயிருக்கும் வாஷர் நசுங்கிப் போயிருந்தது. மாற்றினேன். அடுத்த மாதமே அதுவும் நசுங்கியது. இது என்னடா அநியாயம் என்று உட்கார்ந்து கவனித்தேன். அண்ணன் கை கழுவிவிட்டுக் குழாயை மூடினார். பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்து, கடைசியாக ஒரு முறுக்கு. குழாயை மூடினால் தண்ணீர் நின்ற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும், அன்பர்களே. அதற்கு மேல் முறுக்குவது வாஷரின் கழுத்தை நெரிப்பது. இதை எடுத்துச் சொன்னதும் அண்ணன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “காலம் பூரா லாரிக்கு வீல் நட்டு முறுக்குன கைப்பா இது. லேசா வுட்டா வண்டி கவுந்துடுமேன்னு அதுக்குப் பயம்.”

காலண்டர் மாட்டிய காலை

கைப்பிடிச் சுவரில் உளி படவிடாத அதே ஏழுமலை அண்ணன், வருஷப் பிறப்பன்று புதுக் காலண்டர் மாட்டச் சமையலறைச் சுவரில் கான்கிரீட் ஆணி அடித்தார். எங்கே? வீட்டில் அத்தனை சுவர் இருக்க, குழாய் பதித்த இடத்துக்கு நேர் மேலே. ஈரம் கசிகிறதே என்று ஆணியைப் பிடுங்கினதும், தொட்டி நிறைந்திருந்த நேரமாதலால், தண்ணீர் எதிர்ச்சுவர்வரை பீய்ச்சியது. மெயின் வால்வை மூடுங்கள் என்று போனில் கத்தினேன். மூட முடியவில்லை. போர் தண்ணீரின் உப்பு ஏறி அது இறுகிக் கிடந்தது. மாதம் ஒருமுறை அந்த வால்வைச் சும்மாவாவது மூடித் திறந்து வையுங்கள், தேவைப்படும் நேரத்தில் அது உங்களைக் கைவிடாது.

இதற்காகவே பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் குழாய் தெரியும்படி அண்ணன் போனில் படம் எடுத்துக் கொடுத்திருந்தேன். நீங்களும் எடுத்து வையுங்கள், ஆணி அடிக்கும் முன்னால் அதைப் பாருங்கள். அண்ணன் போனில் அந்தப் படம் ஒன்றுகூட இல்லை. பேரனின் டான்ஸ் வீடியோவுக்கு இடம் வேண்டுமென்று எல்லாவற்றையும் அழித்துவிட்டாராம்.

நான் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அண்ணன் சொட்டச் சொட்ட நனைந்து, ஆணி ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நின்றார். அக்கா முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அண்ணன் விரலை அவ்வப்போது எடுக்கச் சொல்லி, குடம் குடமாகப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சொன்னார். “வா தம்பி, இத்தப் பாரு! ஆணி அடிச்ச எடத்துல இம்மா ஃபோர்ஸா வருது. பேசாம இங்கயே ஒரு கொழாய வெச்சிக் குடுத்துடேன்.”

மலை மேல் நண்டு

அக்காவின் தங்கை செல்வி வெள்ளிமலையில் அங்கன்வாடி வேலை பார்க்கிறார். அங்கே வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு மேட்டிலிருக்கும் ஊற்றிலிருந்து கருப்பு ஹோஸில் தண்ணீர் தானாக இறங்கி வரும். மோட்டார் கிடையாது, கரண்ட் வேண்டாம். நான் போகும்போதெல்லாம் அக்கா அதைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டார். ஒருநாள் அந்தச் செல்வியே எனக்குப் போன் செய்தார். ஹோஸில் தண்ணீர் நின்றுவிட்டதாம், சங்கராபுரத்தில் யாரோ குழாய்க்காரர் இருக்கிறாராம், வரமாட்டேன் என்கிறாராம், நான் வர முடியுமா என்றார். மலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு முன்சீட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டு போய் இறங்கினேன். ஹோஸைத் தடவிக்கொண்டே சாமைக் கொல்லை ஓரமாக மேலே ஏறினேன். ஓரிடத்தில் தட்டினால் கெட்டியாக இருந்தது. கழற்றி உதறினேன். ஒரு நண்டு தொப்பென்று விழுந்து, என்னைக் கொடுக்கைத் தூக்கி மிரட்டிவிட்டுப் போனது. குஞ்சாக உள்ளே போய், உள்ளேயே வளர்ந்திருக்க வேண்டும். ஊற்று முனையில் வலை மூடி மாட்டிவிட்டு இறங்கினேன்.

டீ கொடுக்கும்போது செல்வி குரலைத் தணித்துப் பேசினார். அக்காவுக்கு ராத்திரியெல்லாம் தோள் குடைகிறதாம், போனில் அழுகிறாராம். அண்ணனிடம் சொல்வதில்லையாம். அவர் ஆசையாகக் கட்டிய வீடு, குறை சொன்னால் மனுஷன் உடைந்துபோவார் என்று பகலில் அத்தனை பேச்சும் என்னிடம்தானாம். டீயைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாள் அந்தப் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேனே என்று நெஞ்சு வலித்தது. கிளம்பும்போது செல்வி வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார். “நண்டு விஷயத்த மட்டும் அக்காகிட்ட சொல்லிடாதீங்கண்ணா. எங்க மலையில தண்ணி நின்னதே இல்லன்னு நான் பீத்திக்கினு இருக்கேன்.”

வராத போன் வந்தது

நண்டைப் பற்றிச் சொல்லவில்லை. தோளைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன்.  அவர் நேரே உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். என்னைத் தொடவிடவில்லை. தான் காவல் காத்த கைப்பிடிச் சுவரில் தானே ஓட்டை போட்டார். வீல் நட்டு முறுக்கிய கைக்கு முன்னால் சுவர் எம்மாத்திரம்! குழாயை ஏற்றமே இல்லாமல் தாழ்வாகக் கொண்டுபோய் இறக்கினேன். ஓட்டையைச் சுற்றி மழைத் தண்ணீர் இறங்காமல் பூசினோம். தொட்டி கன்னி மூலையிலேயே இருந்தது. அக்கா எதிரில் தொட்டியை வேண்டுமென்றே காலி செய்து, மறுபடி நிரப்பி, குழாயைத் திறந்தேன். தடதடவென்று வந்தது. அக்கா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் அந்த வீட்டிலிருந்து போனே இல்லை. எங்கள் தொழிலில் அது நல்ல செய்தி என்றாலும், அக்கா இன்னும் தெருக்குழாய்க்குத்தான் போகிறாரோ என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு வாரம் முடிந்து, ஒரு காலையில் அவர் பெயர் போனில் வந்தது. பதறி எடுத்தேன்.

“இன்னாக்கா ஆச்சி?”

“ஒண்ணும் ஆவல. தண்ணி வருது.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? வருதுன்னு சொன்னேன். வாரம் பூரா வந்துச்சி.”

 இந்த மாதிரி போனுக்கு எனக்குப் பழக்கம் இல்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அந்த வீட்டுக்கு வண்டியை விட்டேன். பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் மாடியில் கவிழ்த்துப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணன் ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி அவற்றை எனக்குக் கை நீட்டிக் காட்டினார். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது எனக்கா அவருக்கா என்று சொல்லமாட்டேன். ஆனால் சமையலறைச் சுவரோரம் ஒரே ஒரு குடம் மட்டும் தளும்பத் தளும்ப, மேலே தட்டுப் போட்டு மூடி நின்றது. அது எதற்கு என்று கேட்டேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அது உனுக்குத்தான். நாளைக்கே எதனா ரிப்பேருன்னு வந்தா, நீ மொதல்ல மெயினத்தான மூடுவ? அப்பறம் உன் கை கழுவ ஏதுப்பா தண்ணி?”

குழாய்க்காரன்மேல் ஒரு வீடு வைக்கிற முழு நம்பிக்கை என்பது ஒரு குடம் போக மீதிதான், அதுவே எனக்கு ஜாஸ்தி.