பவளராணி நடந்து போட்ட பானை

தொண்ணூற்றாறாம் ஆண்டுப் பொங்கலன்று எங்கள் டோர்செட் பார்க் குடியிருப்பின் பனியில் நான் நடந்து வரைந்த சூரியனைப் பார்க்க விமானங்களே தாழப் பறந்தன. சரி, விமானம் என்றது கொஞ்சம் கூடத்தான்.

முதலில் வரைந்தவள் எங்கள் கட்டடத்துப் பவளராணி. பேக்கரி வேலைக்குப் புறப்பட்டவள், வெறும் சப்பாத்துத் தடத்தாலேயே புல்வெளிப் பனியில் ஒரு பொங்கல் பானை போட்டுவிட்டுப் போனாள். பல்கனியெல்லாம் அவள் புகழ். கோலத்தில் பெயரெடுத்த என்னை ஒருவரும் கேட்கவில்லை. வயிறு எரிந்தது. இறங்கிப் போய், பானைக்கு மேலே பெரிய சூரியனாக நடந்தேன். சனம் கைதட்டியது.

பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் சொல்கிறார்:

"சூரியனோ? சறுக்கிச் சறுக்கி நீர் போட்ட கோடு, பால் வழியிற மாதிரியெல்லோ கிடந்தது. பவளராணியின்ரை பானை பொங்கீட்டுது எண்டுதானப்பா சனம் தட்டினது."