எஸ்.டி.டி. பூத்தில் ஒரு மழை

ஒத்தக்கடையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த பெண்ணுக்கு எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பது போன்ற கண்கள். வாடகை நூலகத்தில் எடுத்த மூன்று புத்தகங்களை மேசையில் கவிழ்த்து வைத்து, மாற்றி மாற்றிப் படிப்பார். கண்ணாடிக் கூண்டுக்குள் யாராவது பேசிக்கொண்டிருக்க, மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடும். அவர் தலை நிமிராது.

ஒரு மாலை பில்லுக்காக நின்றபோது, புத்தகமெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“ராஜா கதையில சண்டைதாண்ணே ஜாஸ்தி. குதிரைகதான் பாவம். இந்தச் சமையல் புத்தகம் படிச்சாலே பசிக்குது.” பிறகு துப்பறியும் நாவலைத் தடவிக்கொடுத்தார். “இதுல ஒரு இடம் வருதுண்ணே. கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போன பொண்டாட்டிக்கு ஒருத்தன் போன் போடுறான். ‘மலை மேல மழை பெய்யுது, இங்க ஒரு சொட்டு இல்ல, நீ இருந்தா பார்த்திருப்ப’ங்கிறான். அம்புட்டுத்தான். மறுநாளே பஸ் ஏறி வந்துர்றா.”

போன வாரம் யானைமலையைப் பார்த்தபடி, அந்தக் கூண்டுக்குள் நின்று என் மனைவியிடம் நான் சொன்ன வார்த்தைகள் அவை. அவள் இன்னும் வரவில்லை.

நாவலை இரவல் வாங்கிப் படித்தேன். இரண்டு கொலை, ஒரு வைர மாலை. மழையே இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, அப்படி ஓர் இடமே இல்லை என்று சொன்னேன்.

“நடுவுல எங்கயோ வரும்ணே. நிதானமாப் படிங்க,” என்றார், படித்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன், அவள் பஸ் ஏறி வரும் இடத்தைத் தேடி.