கறுத்த முட்டைகள்

கண்ணுங்களா, வண்டலூர் காட்டோரத்தில் நான் வந்த பஸ் பஞ்சராகி நிற்கிறது. பக்கத்து நாற்றுப் பண்ணையில் தேக்கங்கன்றுகளைப் புழு தின்று, இலைகளில் நரம்புதான் மிச்சம். அங்கே கூலி வேலை செய்யும் அம்மாள் ஒருவர், புகையும் இலைக் குவியலருகே உட்கார்ந்திருக்கிறார்.

"என்னம்மா எரிக்கிறீங்க?"

"அந்துப்பூச்சி முட்டை சார். கறுத்ததுதான் மொதல்ல பொரிக்கும்னு ஒரு வாரமா அதையே பொறுக்கி எரிச்சேன். இன்னிக்கி ஆபீசர் வந்து சொல்றாரு, கறுத்ததுக்குள்ள குட்டிக் குளவி கீதாம். அதுதான் முட்டைய உள்ளயே தின்னு, புழு வராம பண்ணுதாம். காப்பாத்த வந்ததயே கொளுத்திட்டேனே!"

"தெரியாமதானேம்மா செஞ்சீங்க?"

"நான் நட்ட கன்னுங்க சார். அதுங்களுக்குத் தெரியுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போகிறார். குவியலின் ஓரத்தில் கருகாத இலை ஒன்றில் கறுத்த முட்டைகள் ஒட்டியிருக்கின்றன. யாரும் பார்க்காதபோது அதை எடுத்து, ஒரு கன்றின் காம்பிடுக்கில் செருகிவிட்டு பஸ் ஏறுகிறேன்.