வள்ளத்தில் ஒரு தியானம்

தச்சநல்லூர் வீட்டில் கிடைக்காத நிம்மதியைத் தேடி, தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில் ஒரு பாய்மர வள்ளத்தில் ஏறினேன். ஏறியதும் சம்மணமிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். தொந்தியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஞானிதான்.

"காத்து மாறுது அண்ணாச்சி. அந்தப் பக்கம் போய் இருங்க, பாரம் வேணும்" என்றார் வள்ளக்காரர்.

தியானம் கலைந்துவிடுமே என்று நான் அசையவில்லை. வள்ளம் சாய்ந்தது. அவர் கடலில் விழுந்தார். கண்ணைத் திறந்தபோது தண்ணீரில் அவர் தலை தெரியவில்லை.

விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். தண்ணீருக்கு மேலே வந்தவர் கை வழுக்கி வழுக்கி, கடைசியில் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த நொடியில் எனக்கு என் நினைப்பே இல்லை. உள்ளே அப்படியொரு அமைதி.

மேலே ஏறியவர் இருமிக்கொண்டே கேட்டார்: "சாமியப் பாத்தீரா வே?"

பார்த்தேன். அதற்கு ஒரு மனிதர் மூழ்க வேண்டியிருந்ததே என்ற வெட்கம் இன்னும் போகவில்லை.