குழுவைவிட்டு விலகிய இரண்டு பேஸ் கிடார்காரர்கள்

ஜப்பானில் ஒரு ராக் குழுவின் பேஸ் கிடார்காரர், பல வருடம் டிரம்ஸுக்குப் பக்கத்தில் இருட்டில் நின்றவர், ஒருநாள் குழுவைவிட்டு விலகினார். ரசிகர்கள் அழுதார்கள். இப்போது தானே எழுதி, தானே பாடி, மேடைக்கு நடுவில் நிற்கிறார்.

நானும் பேஸ் கிடார்தான். ராயபுரத்தில் ஒரு மெல்லிசைக் குழு. அவரைப் பார்த்துத்தான் போன மாதம் குழுவின் வாட்ஸப்பில் விலகல் கடிதம் போட்டேன். குழுவை நடத்துகிற எங்கள் மாஸ்டர் எல்லாவற்றுக்கும் போடுகிற கும்பிடு எமோஜியையே அதற்கும் போட்டார்.

இன்று திருவொற்றியூர் பஸ்ஸில் மாஸ்டரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏன் விலகினாய் என்று கேட்டால் சொல்ல, ஜப்பான் கதையைத் தயாராக வைத்திருந்தேன்.

"போன வாரம் எண்ணூரு கல்யாணத்துல சோக்கா வாசிச்ச நைனா."

அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவே இல்லை. வீட்டில் படுத்துக்கொண்டு ஜப்பான்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்குத்தான் உன் சவுண்டு கரீக்டா இருந்துச்சு. அப்டியே மெயின்டெயின் பண்ணு."

ஆறு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் முறை. "சரி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் கச்சேரியாம். போனால் கிடைத்த பேரும் கெட்டுவிடுமோ? நீங்களே சொல்லுங்கள்.