ஷர்மிளா பானு நடத்திய இணையதளம்

வீரசோழனுக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் இணையதளத்தை இலியாஸ் என்பவர் நடத்துகிறார் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது பொய். அந்த மனிதருக்கு ஒரு போட்டோவை நேராகத் திருப்பி ஏற்றத் தெரியாது. பதினைந்து வருடமாக அதை நடத்தியது அவருடைய தங்கை ஷர்மிளா பானு. அவள் என் சிநேகிதி. அதனால் நான் நடுநிலையாகப் பேசப் போவதில்லை.

நான் ராமலட்சுமி. திருச்சுழியில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரில் கைரேகை விழவில்லை என்று வந்து நிற்கும் நூறு நாள் வேலைக்காரப் பெண்கள், இதுதான் என் இன்டர்நெட். "ஓடிபி வந்துருச்சா பாருங்க" என்று கத்திக் கத்தியே என் தொண்டை கெட்டுவிட்டது. மையத்தின் போர்டில் என் வீட்டுக்காரர் தங்கபாண்டியின் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. அவர் அங்கே வருவது பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும். ஆகவே ஊரான் வீட்டுக் கதையைச் சொல்லிக் குறை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

ஷர்மிளாவும் நானும் அருப்புக்கோட்டையில் ஒரே காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தோம். புரோகிராம் எழுதுவதில் அவள் கெட்டிக்காரி, வாயடிப்பதில் நான். படிப்பு முடிந்த கையோடு அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முகம்மது அனீஸ், குவைத்தில் வேலை. மகள் ஷஹீனா பிறந்த கொஞ்ச காலத்தில் அவனுக்கு அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது. தலாக் வாங்கிக்கொண்டு, கைப்பிள்ளையோடு அம்மா சைதுன் பீவியிடம் திரும்பி வந்தாள். அது அண்ணன் இலியாஸின் வீடும்கூட. அங்கே யாரும் அவளை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. சோறு போட்டார்கள். சோறு போடுவதை அடிக்கடி சொல்லியும் காட்டினார்கள்.

இலியாஸ் அப்போது துபாயில் இருந்தார். அங்கே ஒரே அறையில் தங்கியிருந்த ஊர்க்காரர்களுக்கு, 'நம்ம ஊருக்குன்னு ஒரு சைட்டு வேணும்' என்று ஆசை வந்தது. ஊர்ப் பெயரில் ஒரு முகவரியைப் பதிவு செய்தார், அதை எல்லோரிடமும் சொல்லியும்விட்டார். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. தங்கைக்குப் போன் போட்டார். அவள் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை இறக்கி, நிறுவி, ஒரு வாரத்தில் தளத்தை ஓடவிட்டாள். கணக்கு அண்ணன் பெயரில். அவரே அப்படித்தான் சொன்னார், அவளும் அன்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த மென்பொருள் இலவசம். உலகத்தின் பல மூலைகளில் இருந்து பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு பக்கத்தில் எழுதியவர்களின் பெயரெல்லாம் வரிசையாக இருக்கும். இலவசமாகக் கொடுத்தவர்கள்கூடத் தங்கள் பெயரைச் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. இதை நான் சொன்னபோது ஷர்மிளா, "ஒனக்கு எப்பப் பாத்தாலும் சண்டைதாண்டி" என்று சிரித்தாள்.

தளத்தில் தொழுகை நேரம் இருந்தது, பள்ளிக்கூட ரிசல்ட் இருந்தது, கண்மாயில் தண்ணீர் வந்த வருடம் அந்தப் படமும் இருந்தது. ஆனால் தம்மாமிலும் மலேசியாவிலும் இருந்த ஆட்கள் காலையில் எழுந்ததும் அதைத் திறந்தது வஃபாத்துச் செய்திக்காக, அதாவது இறப்புச் செய்திக்காகத்தான். ஊரில் யாராவது மவுத்தானால், ஜனாஸா எடுப்பதற்குள் செய்தி தளத்தில் வந்துவிடும். அதை எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. இன்னாரின் மகனும், இன்னாரின் தகப்பனாரும், இன்னாரின் மாமனாருமாகிய என்று போகும் வரிசையில் ஒரு மருமகன் விட்டுப்போனால் போதும், மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். ஷர்மிளா அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, மவுத்தான வீட்டுப் பெண்களுக்குப் போன் போட்டு, ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதுவாள். தலைப்பில் 'வஃபாத்துச் செய்தி'. அதற்குக் கீழேயே, எழுதியவர் பெயர் வரும் இடத்தில், 'இலியாஸ்'. பெண்கள் பெயர் அந்தத் தளத்தில் வருவதென்றால் அவர்கள் மவுத்தான பிறகுதான்.

ஒருமுறை எவனோ தளத்துக்குள் புகுந்து சூதாட்ட விளம்பரங்களைக் கொட்டிவிட்டுப் போனான். தொழுகை நேரத்துக்கு மேலேயே சீட்டாட்டப் படம். ஊரே கொதித்தது. ஷர்மிளா சாப்பாடு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, களையெடுப்பது மாதிரி எடுத்துச் சுத்தம் செய்தாள். அதற்குள் துபாய் வேலையை விட்டு வந்து மொபைல் கடை வைத்திருந்த இலியாஸ், வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் நின்று, "நான் சரி பண்ணிட்டேன், இனிமே ஒருத்தனும் உள்ள வர முடியாது" என்றார். 'சைட்டு இலியாஸ்' என்று அவருக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் கொடுத்தார். அதை மடித்து பீரோவில் வைத்தவளும் ஷர்மிளாதான்.

போன வருடம் ஷஹீனா ப்ளஸ் டூவுக்கு வந்தாள். படிக்கிற பிள்ளை. மதுரையில் காலேஜில் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் எதுக்கு, காலாகாலத்துல ஒரு எடத்துல முடிச்சிருவோம்" என்று தாய்மாமன் ஆரம்பித்துவிட்டார். சோறு போடுகிறவர் பேச்சு. அதை நிறுத்த வேண்டுமென்றால் ஷர்மிளாவுக்குச் சொந்தமாக ஒரு வேலை வேண்டும். மதுரையில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே இணையதளங்களைப் பராமரிக்க ஆள் தேடுவதாக நான்தான் பார்த்துச் சொன்னேன்.

போனில் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுக்கும் அவள் தடுமாறவில்லை. கடைசியில் கம்பெனியிலிருந்து பேசிய பெண் கேட்டாள்: "எல்லாம் ஓகே மேடம். ஆனா சைட்ல உங்க பேரு எங்கயுமே இல்லையே? ஓனரை ஒரு மெயில் போடச் சொல்லுங்க. நீங்கதான் பாத்துக்கிறீங்கன்னு ஒரு வரி போதும்."

ஒரு வரி. அதை அவள் அண்ணனிடம் கேட்கும்போது நானும் அந்த வீட்டில் இருந்தேன். இலியாஸ் ஜும்மா தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மெயிலா? என்னான்னு போடணும்?"

"சைட்ட நாந்தான் பாத்துக்கிறேன்னு, அண்ணே."

"வெளையாடுறியா? ஊருக்குள்ள என்னைய சைட்டு இலியாஸ்ங்கிறாக. எந்தங்கச்சிதான் எல்லாம் செஞ்சான்னு நானே எழுதிக் குடுத்தா ஒருத்தன் மதிப்பானா? அடுத்த மாசம் ஜமாத்துத் தேர்தல்ல நிக்கிறேன், தெரியும்ல?"

"ஊருக்கு இல்லண்ணே, அந்தக் கம்பெனிக்கு மட்டும்."

"நெட்டுல எழுதுறதெல்லாம் எங்குட்டுப் போகும்னு ஒனக்குத் தெரியாதா?"

சைதுன் பீவி இடையில் வந்தார். "அண்ணன் பேரு என்ன, ஒம்பேரு என்னத்தா? எல்லாம் ஒண்ணுதான."

"ஒண்ணுன்னா எம்பேரப் போடலாமேம்மா" என்றாள் ஷர்மிளா. இலியாஸ் சோற்றில் இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றச் சொன்னார். எனக்கு அந்தச் சட்டியை அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை, ஷஹீனாவுக்கு வருமானச் சான்று எடுக்க என் மையத்துக்கு வந்தாள். வேலை முடிந்ததும், "ஒன் சிஸ்டத்தக் கொஞ்சம் குடுடி" என்றாள். தளத்தின் உள்பக்கம் போனாள். எழுதியவர் பெயர் என்று ஒரு பெட்டி. 'இலியாஸ்' என்பதை அழித்துவிட்டு 'ஷர்மிளா பானு' என்று அடித்தாள். சேமித்தாள். அவ்வளவுதான். அத்தனை வருடத்துப் பதிவுகளிலும், ஒவ்வொரு தலைப்பின் கீழும், அவள் பெயர் வந்து நின்றது. இரண்டு பேரும் கீழே கீழே தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தோம். "எத்தன எழுதியிருக்கேன் பாருடி" என்றாள். மதுரைப் பெண் பார்க்கும்வரை இருந்தால் போதும், பிறகு மாற்றிவிடலாம் என்றாள். "எதுக்கு மாத்தணும்?" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் எழுந்திருக்கும்போது அம்மாவிடமிருந்து போன். தெற்குத் தெருவில் காதர் மைதீன் ராவுத்தர் மவுத்தாகிவிட்டார். அங்கேயே உட்கார்ந்து, அந்த வீட்டில் பேசி, முறைப்படி எழுதி வெளியிட்டுவிட்டு, மதுரைக் கம்பெனிக்கும் தளத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லி ஒரு மெயில் அனுப்பிவிட்டுப் பஸ் ஏறினாள்.

செல்போனில் பார்த்தால் திரையில் முதலில் 'வஃபாத்துச் செய்தி' என்று வரும். கீழே 'ஷர்மிளா பானு'. அதற்குக் கீழே, மவுத்துச் செய்தி கேட்டதும் ஓதும் 'இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்'. ராவுத்தர் பெயரைப் பார்க்கக் கொஞ்சம் கீழே தள்ள வேண்டும். யார் தள்ளுகிறார்கள்? எவரோ அந்த முதல் திரையை அப்படியே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். ரியாத், தோஹா, கோலாலம்பூர் என்று எல்லாக் குரூப்பிலும் அது ஓடியது. 'நம்ம சைட்டு இலியாஸ் தங்கச்சி. சின்ன வயசு. அல்லாஹ் அவுக கபுறை வெளிச்சமாக்குவானாக.' திருச்சுழியைத் தாண்டினால் டவர் கிடைக்காது. அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதே ஊரில் அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

இத்தனை வருடம் 'வஃபாத்துச் செய்தி' என்ற தலைப்புக்குக் கீழே அதே இடத்தில் 'இலியாஸ்' என்று இருந்தது. ஒரே ஒருவர்கூட அவர் மவுத்தாகிவிட்டார் என்று நினைக்கவில்லை. ஆண் பெயர் என்றால் எழுதியவர், பெண் பெயர் என்றால் மவுத்தானவள்.

எனக்கும் போன் மேல் போன், இப்போதுதானே இங்கிருந்து பஸ் ஏறினாள் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. நான் தங்கபாண்டியின் வண்டியில் ஏறிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஷஹீனாவை ஒரு டீச்சர் ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார். ஷர்மிளா சாலையில் காய்கறிப் பையோடு நடந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் முதலில் அலறியது ஷஹீனாதான். ஓடிப்போய்த் தாயைக் கட்டிப்பிடித்து, பிறகு தோளில் அடி அடியென்று அடித்தாள்.

"ஒம்பேர எதுக்கும்மா அதுல போட்ட? எதுக்குப் போட்ட?"

ஷர்மிளாவுக்கு விஷயம் புரியவே நேரமாயிற்று. புரிந்த பிறகு அவள் அழவில்லை. அத்தனை பேருக்கு நடுவில், காய்கறிப் பையை இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டு நின்றாள்.

இலியாஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. தங்கைக்காக அழுதிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவள் உயிரோடு இருப்பதைப் பார்த்து மூச்சுவிட்டவர் அடுத்துச் சொன்னது, "மொதல்ல பேர மாத்து" என்பதுதான். மாற்றினாள். "மறுப்பு ஒண்ணு போடு." உட்கார்ந்து அடித்தாள்: 'ஷர்மிளா பானு ஆகிய நான் நலமாக இருக்கிறேன். இந்தத் தளத்தில் எழுதுபவர் என்ற முறையில்...' பின்னால் நின்று படித்த இலியாஸ் அவள் கையைத் தடுத்தார்.

"இதெல்லாம் எதுக்கு? பொம்பளப் பிள்ள பேரத் திருப்பித் திருப்பி ஒலகத்துக்கே காட்டணுமா? நான் சொல்றேன், அடி."

அவர் சொல்ல அவள் அடித்தாள். 'தொழில்நுட்பக் கோளாறால் தவறான செய்தி பரவியது. நமது தள நிர்வாகி இலியாஸ் அவர்களின் சகோதரி நலமாக இருக்கிறார்.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு வெளியிட்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன். "விடுடி" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மதுரையிலிருந்து அந்தப் பெண் பேசினாள். "சைட் பாத்தோம் மேடம். நீங்க மெயில்ல சொன்ன மாதிரி உங்க பேரு இல்லையே. இலியாஸ்னுதான் இருக்கு. அவரோட சிஸ்டர் நல்லா இருக்காங்கன்னு ஒரு நியூஸ் மட்டும் இருக்கு."

"அந்த சிஸ்டர் நாந்தாங்க" என்றாள் ஷர்மிளா. "அத எழுதினதும் நாந்தான்."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டதாம். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு பேசவில்லை.

இலியாஸ் தேர்தலில் ஜெயித்து இப்போது ஜமாஅத் செயலாளர். தளத்தில் அந்தச் செய்தியை ஷர்மிளா எழுதியபோது, அவர் மாலையோடு நிற்கும் படத்தை நேராகத் திருப்பி ஏற்றினாள். ஷஹீனா நல்ல மார்க் வாங்கினாள். காலேஜ் விண்ணப்பத்தை என் மையத்தில்தான் நிரப்பினோம், கடைசித் தேதி வரை அனுப்பாமல் வைத்திருந்தோம். மாமன் சம்மதிக்கவில்லை.

பதினெட்டு முடிந்த மறுமாதம் அவளுக்கு நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஜித்தாவில் வேலை. ஊர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதையும் தளத்தில் போட்டார்கள். நான் இங்கே மையத்தில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். மாப்பிள்ளையின் பெயர், அவன் தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர் எல்லாம் பிழையில்லாமல் இருந்தது. மணமகள் என்ற இடத்தில், நமது ஜமாஅத் செயலாளர் இலியாஸ் அவர்களின் சகோதரி மகள் என்று மட்டும் ஷர்மிளா எழுதியிருந்தாள்.