தொணதொணாவின் முடிச்சை யாரும் பார்க்கவில்லை

அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பாறை ஏறுகிற நாங்கள் நாற்பது பேரும் அவனைத் தொணதொணா என்றுதான் கூப்பிட்டோம். அவனும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பான். லிஃப்ட் மெக்கானிக். பதினொரு கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவன் பொறுப்பில் இருந்தன. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்தக் கட்டடத்து லிஃப்ட்டின் கதவில் காதை வைத்துக் கேட்பான். "இதுக்கு எண்ணெய் போட்டு ஆறு மாசமாச்சு, கேக்க ஆளே இல்லையா இங்க?" என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் உட்காருவான்.

ஒருமுறை என் பஸ்ஸில் ஏறினான். நான் பஸ் டிரைவர், பத்தொன்பது வருட சர்வீஸ். இரண்டு நிறுத்தம்கூடத் தாண்டவில்லை, "டிரைவரம்மா, இடது பக்கக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றான், பஸ் முழுக்கக் கேட்கும்படி. எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்குமே! "வாய மூடிட்டு உக்காருடா!" என்று கத்தினேன். கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடி இறங்கித்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

பஸ் ஓட்டுகிறவளுக்குப் பாறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். உட்கார்ந்தே ஓட்டி ஓட்டி முதுகு பிடித்துக்கொண்டது. பல்வலிக்குப் போன இடத்தில் பல் டாக்டர், "எங்க சுவத்துல ஏறிப் பாருங்கம்மா, முதுகு சரியாயிடும்" என்றார். பல் டாக்டர் முதுகுக்கு வைத்தியம் சொல்கிறார், நானும் கேட்டுக்கொண்டு போகிறேன்! ஒரு பழைய கிடங்குக்குள் பலகை அடித்து உயரமாகச் சுவர் கட்டி, பிடித்து ஏறக் கலர் கலராகக் குமிழ்கள் பதித்திருந்தார்கள். வார நாட்களில் அங்கே பழக்கம், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே நிஜப் பாறை. டாக்டர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். முதல் நாளே தொணதொணா என் முடிச்சை மூன்று தடவை அவிழ்த்து மறுபடி போட வைத்தான். நான்காவது தடவை அவிழ்த்திருந்தால் அறைந்திருப்பேன்.

அந்த முடிச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. கயிற்றில் முதலில் எட்டு மாதிரி ஒரு முடிச்சுப் போடவேண்டும். மீதி நுனியை இடுப்பு வாரின் வளையத்துக்குள் விட்டு, அதே எட்டின் தடத்திலேயே திருப்பிக் கொண்டுவந்து இறுக்கவேண்டும். நுனியைத் திருப்பாமல் பாதியில் விட்டாலும் பார்வைக்கு முடிச்சு மாதிரியேதான் தெரியும். ஏறும்போது ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். ஆனால் ஆள் தன் கனத்தைக் கயிற்றில் போட்ட நிமிஷம் உருவிக்கொண்டு போய்விடும். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிறவரும், கீழே நின்று கயிறு பிடிக்கிறவரும் ஒருவர் இடுப்பை ஒருவர் தொட்டுப் பார்த்து, "பாத்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் பாறையில் கால் வைக்கக்கூடாது.

தொணதொணா தன் ஜோடியோடு நிறுத்திக்கொள்ள மாட்டான். பாறையடியில் நிற்கிற எல்லார் இடுப்பையும் ஒரு சுற்று பார்த்து வருவான். "ஆரம்பிச்சுட்டான்யா" என்று ஆளாளுக்கு முனகுவார்கள். நான் அவனுக்கு ஜோடியாகப் பதினொரு வருடம் கயிறு பிடித்தேன், அவன் எனக்குப் பிடித்தான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் போன் பண்ணினாள், பரீட்சை முடிவு வந்துவிட்டதென்று. பேசி முடித்த சந்தோஷத்தில் நேரே போய்ப் பாறையில் கை வைத்தேன். அவன் பின்னாலிருந்து என் வாரைப் பிடித்து இழுத்தான். விழப் பார்த்தேன். "ஏண்டா, மாட்டையா இழுக்கற?" என்று பாய்ந்தேன். அவன் என் முடிச்சை விரலால் சுண்டினான். நுனி திரும்பவே இல்லை. ஊசி குத்தினாலும் ஊரைக் கூட்டுகிறவன், அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. "பொண்ணு என்ன மார்க்காம்?" என்று மட்டும் கேட்டான். நானும் நன்றி என்று சொல்லவில்லை. மார்க்கைச் சொன்னேன்.

அப்படிப்பட்டவன்தான் விழுந்தான். அந்த ஞாயிறு அவன் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு புது ஆள் ஹெல்மெட் பட்டையைத் தொளதொளவென்று விட்டிருப்பதைப் பார்த்துவிட்டான். கையிலிருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போய், அந்த ஆளை ஐந்து நிமிடம் பிடி பிடியென்று பிடித்துவிட்டு வந்தான். வந்து என் கயிற்றையும் வாரையும் தொட்டுப் பார்த்து, "பாத்தாச்சு" என்றான். நானும் "பாத்தாச்சு" என்றேன்.

நான் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, எத்தனையோ வருடமாகப் பார்க்கவில்லை. ஊர் முடிச்சையெல்லாம் பார்க்கிறவனுக்கு நான் என்ன பார்ப்பது என்று ஒரு நினைப்பு. வாய் பாட்டுக்குச் சொல்லிற்று. தினமும் டிப்போவில் டயரைத் தட்டிப் பார்க்காமல் வண்டி எடுக்காதவள் நான். என்னை எதால் அடிப்பது, சொல்லுங்கள்.

இரண்டு வருடமாக அவனால் முடிக்க முடியாத பாறை அது. அன்றைக்கு முடித்துவிட்டான். உச்சியில் எங்கள் கயிறு கோத்திருந்த இரும்பு வளையத்தைக் கையால் தட்டிவிட்டு, நான் கீழே இறக்குவேன் என்று கயிற்றில் சாய்ந்தான். கயிறு மட்டும் என் தோள்மேல் வந்து விழுந்தது.

விசாரிக்க வந்த போலீஸ்காரர்களிடம் நடந்ததைத்தான் சொன்னோம். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அவன் வீட்டுக்குச் சொல்லப் போகும்போதுதான் பல் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "எல்லாருக்கும் முடிச்சு பாத்தவன் தன் முடிச்சக் கோட்டை விட்டுட்டான்னு அவன் சம்சாரத்துகிட்ட எப்படிம்மா சொல்றது? உங்களையும்தான் காலம் பூரா குத்திக் காட்டுவாங்க. கல்லு பேந்துருச்சு, கயிறு அறுந்துருச்சுன்னு நான் சொல்லிக்கறேன். நீங்க வாயத் திறக்காதீங்க." நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பஸ்ஸை மறித்தால் போலீஸ்காரரையே கேள்வி கேட்கிற இந்த வாய், அன்றைக்கு மூடிக்கொண்டது.

அவன் போய் ஒரு மாதம் கழித்துக் கிடங்கில் எல்லோரும் கூடினோம். அவன் மனைவியும் வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். பாறைப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. சுவருக்கடியில் விரித்திருந்த தடிமனான மெத்தையில் அவளை உட்கார வைத்து, சுற்றி உட்கார்ந்தோம். அழுகை என்று ஆரம்பித்தது கொஞ்ச நேரத்தில் சிரிப்பாகிவிட்டது. ஆளுக்கு ஒரு கதை. "என் கல்யாணத்துல மேடையேறி வந்து, மாலை சரியா கட்டியிருக்கான்னு இழுத்துப் பாத்தான்ங்க" என்றார் ஒருவர். மூன்று பேர், அவன் பார்த்திராவிட்டால் தாங்கள் இன்றைக்கு இல்லை என்று எழுந்து நின்று சொன்னார்கள். "ரொம்ப நன்றிம்மா, அவரை எங்களுக்கு ஞாயித்துக்கிழமையெல்லாம் விட்டுக் குடுத்ததுக்கு" என்று ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் சிரித்தாள். "வீட்ல இருந்தா குக்கர் விசில எண்ணிக்கிட்டிருப்பாரு. போனாத்தான் நிம்மதின்னு நான்தான் துரத்தி விடுவேன்."

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும். கடைசி வரைக்கும் கயிற விடாமப் புடிச்சிருந்தீங்களாமே. டாக்டர் சொன்னாரு."

டாக்டரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள். "கல்லு பேந்தப்புறம் எவ்வளவு நேரம் தொங்கிக்கிட்டிருந்தாரு? கண்ண மூடினா அதான் வருது. கை வழுக்க வழுக்கப் புடிச்சுக்கிட்டு, கீழ பாத்து, என்னக் கூப்பிட்டுக்கிட்டு... எவ்வளவு நேரம்கா?"

"ரொம்ப நேரமில்லம்மா, கொஞ்ச..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"போதும் டாக்டர், நிறுத்துங்க!" என்றேன். கிடங்கு முழுக்க எதிரொலித்தது. சொன்னால் இவள் என் முகத்தில் விழிக்கமாட்டாள், அது எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் தினமும் ராத்திரி அவன் இவள் கண்ணுக்குள் தொங்கிக்கொண்டேயிருப்பான். "கல்லும் பேந்து போகல, கயிறும் அறுந்து போகலம்மா. அவன் முடிச்ச முடிக்கல. பாதியில விட்டுட்டுப் போய் இன்னொருத்தனுக்கு ஹெல்மெட் சரி பண்ணிட்டு வந்தான். நான் பாத்திருக்கணும். பாக்காமயே பாத்தாச்சுன்னு சொன்னேன். என் முடிச்சு ஒருநாள் இதே மாதிரி பாதியில நின்னுச்சு. அவன் பாத்தான், நான் உசிரோட இருக்கேன். அவனோடத நான் பாக்கல."

அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போய்விட்டது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அப்போ தொங்கலையா?" என்றாள்.

"இல்லம்மா."

"பாறைய ஏறி முடிச்சுட்டாரா?"

"முடிச்சுட்டான். உச்சியில வளையத்தத் தட்டிட்டு, 'டிரைவரம்மா, பாத்தியா!'ன்னு கத்தினான். அவ்வளவு சிரிப்பு மூஞ்சில. அப்படியே கண்ண மூடிக்கிட்டுச் சாஞ்சான். நான் புடிச்சிருக்கேன்னு நெனச்சுத்தான் சாஞ்சான். கீழ குனிஞ்சுகூடப் பாக்கல."

"பயப்படலையா?"

"துளிகூட இல்ல. பயப்பட நேரமே இல்லம்மா."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. டாக்டர் எழுந்து வந்து, "என்ன மன்னிச்சுடும்மா, நல்லதுன்னு நெனச்சுத்தான்..." என்றார். அவள் அவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப எழுந்தேன். இனி இங்கே எனக்கு என்ன இருக்கிறது?

"எங்க போறீங்க?" என்றாள்.

நின்றேன்.

"உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு, அக்கா. பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் திரும்பிப் பாத்திருந்தீங்கன்னா... அது சீக்கிரம் போகாது."

"போகவேணாம்மா" என்றேன். "அவனுக்கு நான் ஒருநாள்கூட நன்றின்னு சொன்னதில்ல. உங்கிட்டயாவது சொல்லிட்டுப் போறேன். என் உசிரு அவன் குடுத்தது."

அவள் மெத்தையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "கோபம் இருந்தா இருக்கட்டும். நீங்க உக்காருங்க. அவர் சிரிச்சுக்கிட்டே போனாருன்னு எனக்குச் சொல்ல உங்க ஒருத்தராலதான் முடிஞ்சுது. இன்னொரு தடவ சொல்லுங்க. பாறையில கால் வச்சதுலேருந்து சொல்லுங்க, ஒண்ணும் விடாம."

உட்கார்ந்தேன். அவன் வலது காலை எங்கே வைத்தான் என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.